ஆக்கிரமிப்புக் காலத்து பிரெஞ்சு ஒயின்: ஒளித்து வைத்தார்களா, விற்றுப் பிழைத்தார்களா?

நிலவறை

பிரெஞ்சு ஒயின் பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். 1940 கோடையில் ஜெர்மன் படை நெருங்குகிறது. தோட்டக்காரர் மனைவி மக்களோடு இரவோடு இரவாக நிலவறையில் இறங்கி, இருப்பதிலேயே நல்ல பாட்டில்களை ஒரு மூலையில் அடுக்கி, முன்னால் சுவர் எழுப்பி மூடிவிடுகிறார். நான்கு வருடம் கழித்து சுவரை இடித்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. பெயர் பெற்ற நிறுவனங்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு சுவர் உண்டு.

இந்தக் கதைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவருக்கு முன்னால் இருந்த சரக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1940 ஜூன் 22-ல் போர்நிறுத்த உடன்படிக்கை. நாடு இரண்டாகப் பிரிந்தது: ஜெர்மானியர் பிடித்த பகுதி ஒன்று, தெற்கே ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் பகுதி இன்னொன்று. பெரிய ஒயின் வட்டாரங்களான ஷாம்பெய்ன், போர்டோ, பர்கண்டியின் பேர்போன சரிவுகள் எல்லாம் ஜெர்மானியர் கையில். ஜெர்மன் எல்லையோர வட்டாரமான அல்சாஸை அவர்கள் தங்கள் நாட்டோடே சேர்த்துக்கொண்டார்கள். முதல் சில வாரங்கள் வெறும் கொள்ளைதான். ஷாம்பெய்னில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் பாட்டில் போனதாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு பெர்லின் வேறு வழிக்கு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கொள்முதல் அதிகாரியை அனுப்பியது. பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு ‘வைன்ஃப்யூரர்’ (ஒயின் தலைவர்) என்று பெயர் வைத்தார்கள். ஷாம்பெய்னுக்கு ஓட்டோ க்ளேபிஷ், போர்டோவுக்கு ஹைன்ஸ் போமர்ஸ், பர்கண்டிக்கு அடால்ஃப் ஸெக்னிட்ஸ். மூவரும் சீருடைக்கு முன்பே இந்தத் தொழிலில் இருந்தவர்கள். போமர்ஸ் பிரெமன் நகரத்து ஒயின் இறக்குமதிக் குடும்பம். முதல் உலகப்போருக்கு முன் போர்டோவில் ஸ்மித் ஓ லாஃபீட் தோட்டமே அவர்களுடையதாக இருந்து, பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்தது. வெளியுறவு அமைச்சர் ரிபென்ட்ராப் ஒரு காலத்தில் ஷாம்பெய்ன் விற்பனையாளர், ஹென்கெல் என்ற பெரிய ஜெர்மன் நுரை ஒயின் குடும்பத்தின் மாப்பிள்ளை. ஆக, வந்தவர்கள் சரக்கு தெரிந்தவர்கள். விற்றவர்களுக்கோ வந்தவர்களைப் பல வருடமாகத் தெரியும்.

தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பாரிஸ்வாசி

நல்ல இழை. முதலில் சுவர்களுக்காக நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் இப்போதெல்லாம் அவற்றை வெறும் விளம்பரக் கதை என்று தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது.

பர்கண்டியில் போன் நகரத்தில் மோரிஸ் த்ரூவான் என்று ஒரு வியாபாரி. நிலவறையில் சுவர் எழுப்பி, பர்கண்டியின் மிக உயர்ந்த ஒயின்களில் ஒன்றான ரோமனே கோந்தி பாட்டில்களை உள்ளே வைத்து மூடினார். புதுச் சுவர் பார்த்தாலே புதுசு என்று தெரியும் இல்லையா? அதனால் பிள்ளைகள் சிலந்தி பிடித்து வந்து சுவரில் விட்டார்களாம், வலை பின்னட்டும் என்று. அப்போது சிறுவனாக இருந்த மகன் ரோபேர் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். ஷாம்பெய்னில் லொரான் பெரியே நிறுவனத்தை 1939-ல்தான் வாங்கியிருந்த மரி லூயிஸ் த நோனாங்கூர் என்ற விதவைத் தாய், சுவர் கட்டி, அதில் மாதா சொரூபத்தையும் வைத்தார். பாரிஸில் தூர் தர்ஜான் உணவகத்திலும் இதே கதைதான். ஜெர்மானியர் நகருக்குள் வருவதற்குச் சற்று முன்பு நிலவறையின் சிறந்த பகுதியைச் சுவர் வைத்து மறைத்தார்கள்.

இவர்கள் ஒளித்தது பாட்டிலை மட்டும் இல்லை. மோரிஸ் த்ரூவான் 1941-ல் கைதாகிச் சில மாதம் சிறையில் இருந்தவர். 1944-ல் மறுபடி பிடிக்க வந்தபோது தன் நிலவறை வழியாகவே நழுவி, போன் நகரத்து தரும மருத்துவமனையில் அடைக்கலம் புகுந்தார். விடுதலை வரும்வரை கன்னியாஸ்திரீகள் அவரைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றிக்கு அவர் மருத்துவமனைக்குத் தோட்டம் எழுதிக் கொடுத்தார். அவர் பெயரில் ஒரு ஒயின் இன்றும் அங்கே ஏலத்துக்கு வருகிறது. நோனாங்கூர் அம்மையாரின் மூத்த மகன் மோரிஸ் ஜெர்மன் வதைமுகாமில் இறந்தார். இளையவர் பெர்னார் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, பிறகு ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லெக்லேர்க்கின் படையில் இருந்தார்.

சுவர் எழுப்பிய வீடுகளில் இழப்பும் இருந்தது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேச வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

பாரிஸ்வாசி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இழையைத் தொடங்கிய நண்பர் ‘நிலவறை’ கேட்டது சுவருக்கு வெளியே இருந்ததைப் பற்றி. அதற்குப் பணத்தைப் பார்க்க வேண்டும்.

போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனி இரண்டு காரியம் செய்தது. ஒன்று, நாணய மாற்று. ஒரு ஜெர்மன் மார்க்குக்கு 20 பிரெஞ்சு பிராங்க் என்று அவர்களாகவே விதித்தார்கள். மார்க்கின் உண்மை மதிப்பு அதைவிட வெகு குறைவு. இரண்டு, ஆக்கிரமிப்புச் செலவு. தங்களைப் பிடித்து வைத்திருக்கும் படைக்கு பிரான்ஸே படியளக்க வேண்டும், நாள் ஒன்றுக்கு 40 கோடி பிராங்க். 1941-ல் அது 30 கோடியாகக் குறைந்தது. 1942 நவம்பரில் முழு நாட்டையும் பிடித்த பிறகு 50 கோடியாக ஏறியது.

இந்தப் பணத்தை ஜெர்மன் படையால் செலவழித்துத் தீர்க்கவே முடியவில்லை. அந்தக் குவியலிலிருந்துதான் ஒயினுக்கும் பணம் கொடுத்தார்கள். க்ளேபிஷ் வந்து வாரத்துக்கு 3 முதல் 4 லட்சம் பாட்டில் ஷாம்பெய்ன் கேட்டார். ரசீது உண்டு, விலை உண்டு, பணம் கைக்கு வரும். பார்த்தால் சுத்தமான வியாபாரம். ஆனால் அந்தப் பணம் பிரெஞ்சுக் கஜானாவிலிருந்து எடுத்தது. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அதில் உள்ள காசைக் கொண்டே உங்கள் பசுவை விலைக்கு வாங்கிப் போவது போல.

எனவே ‘விற்றார்கள், ஆகவே துரோகிகள்’ என்பதும் நிற்காது, ‘விற்கும்படி ஆனது, ஆகவே பலியானவர்கள்’ என்பதும் முழுதாக நிற்காது.

இன்னொன்று. கையில் வந்த பிராங்கை வைத்து எதுவும் வாங்க முடியாத காலம் அது. சர்க்கரை இல்லை, புதுப் பாட்டில் இல்லை, குதிரைக்குத் தீனி இல்லை. குதிரையே பல இடத்தில் இல்லை, படை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பணத்தின் மதிப்பு மாதா மாதம் தேய்கிறது, நிலவறையில் இருக்கும் நல்ல ஒயினின் மதிப்போ ஏறுகிறது. இந்த நிலையில் நல்ல சரக்கை ஒளித்து வைப்பது தேசபக்தி மட்டும் இல்லை. கணக்குத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார். இதைச் சொன்னால் அந்தச் சுவர்களின் மதிப்பு குறைந்துவிடாது. ஒருவர் ஒரே நேரத்தில் நாட்டையும் நேசிக்கலாம், தன் சரக்கையும் காப்பாற்றலாம்.

பன்னீர்த்தோட்டம்

நான் கம்பம் பக்கம். வீட்டில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறோம். எல்லோரும் பாட்டிலையும் நிலவறையையும் பேசுகிறீர்கள், எனக்குக் கொடிதான் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வரலாற்றில் என்னை உலுக்கியது செம்புத் தட்டுப்பாடுதான்.

கொடிக்கு அடிக்கிற மருந்தான போர்டோ கலவை இங்கே எல்லாத் தோட்டக்காரனுக்கும் தெரியும். 1 கிலோ மயில்துத்தம் (செம்பிலிருந்து செய்யும் உப்பு), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். அப்புறம் சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலை மெதுவாக ஊற்றி, ஓயாமல் கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. கலவை சரியா என்று பார்க்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை உள்ளே விட்டு எடுப்போம். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சேர்க்க வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும்.

இந்தக் கலவை பிறந்த ஊரே போர்டோதான். 1870-களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய்க்கு, 1880-களில் மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் அங்கே கண்டுபிடித்த மருந்து. அன்றைக்கு வேறு மருந்து கிடையாது. இன்று நாங்கள் அடிக்கிற, கொடிக்குள் ஊடுருவிப் போகும் மருந்துகள் எல்லாம் வெகு காலம் கழித்து வந்தவை.

ஜெர்மனிக்கோ செம்பு தோட்டாவுக்கும் கம்பிக்கும் வேண்டும். பிரான்ஸில் கிடைத்த செம்பையெல்லாம் திரட்டினார்கள். துத்தம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மழை பெய்த சில நாளில் இலை மேல் எண்ணெய் சிந்தினது மாதிரி மஞ்சள் புள்ளி, அடியில் வெள்ளைப் பூசணம். ஒரு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டால் இலை உதிரும். இலை போனால் பழத்தில் இனிப்பு ஏறாது. இனிப்பு இல்லாத பழத்தில் போதை ஏறாது, வெறும் புளிப்புத் தண்ணீர்தான். சாதாரணக் காலமாக இருந்தால் சர்க்கரை சேர்த்துச் சரிக்கட்டுவார்கள், சர்க்கரையும் ரேஷன். பழைய தாமிரப் பாத்திரம், கம்பி என்று எதையாவது கொடுத்தால் துத்தம் தருகிறோம் என்று அரசாங்கமே சுவரொட்டி ஒட்டிய காலம் அது.

பெரிய வீட்டுக்காரர் நிலவறையில் பழைய சரக்கு இருக்கும், அதை வைத்துச் சமாளிப்பார். இரண்டு மூன்று ஏக்கர் கொடி வைத்திருக்கிற ஆளுக்கு அந்த வருடத்துப் பழம்தான் சோறு. அவன் எதை ஒளித்து வைப்பான்? சுவர்க் கதையில் அவன் இல்லவே இல்லை. எனக்கு இதுதான் வருத்தம்.

தென்றல்வரி

பன்னீர்த்தோட்டம் அண்ணே, இதை எந்த ஒயின் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. ஒரு சந்தேகம்: ஆண்கள் எல்லாம் போர்க் கைதிகளாகப் போய்விட்டார்கள் என்றால் இந்த வேலையை யார் செய்தது?

பன்னீர்த்தோட்டம்

பெண்களும் வயதானவர்களும்தான் தங்கச்சி. 1940-ல் மட்டும் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் ஜெர்மனிக்குக் கைதிகளாகப் போனார்கள். 1943 பிப்ரவரியில் கட்டாய வேலைச் சட்டம் வந்ததும் மிச்சமிருந்த இளவட்டங்களையும் ஜெர்மன் தொழிற்சாலைக்கு இழுத்தார்கள். கொடி வெட்டுவது குளிர்கால வேலை, கை விறைத்துப் போகும். மருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறுவது அதைவிடக் கஷ்டம். வேலைக்குத் தப்பி ஓடிய பையன்கள் மலைக்காட்டுக்குப் போய் எதிர்ப்புக் குழுக்களில் சேர்ந்தார்கள் என்று படித்திருக்கிறேன், அந்த விவரம் மற்றவர்களுக்குத் தெரியும்.

வரலாற்று மாணவி

எனக்கு ஷாம்பெய்ன் வட்டாரம் கொஞ்சம் தெரியும், அதனால் அதைப் பற்றி.

க்ளேபிஷ் ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டிக்கொண்டிருந்தபோது, மோயெட் ஷாந்தோன் தலைவர் ரோபேர் ஷான் த வோகுவே ஒரு வேலை செய்தார். திராட்சை வளர்ப்பவர்களின் பிரதிநிதி மோரிஸ் துவாயாரைச் சேர்த்துக்கொண்டு, இருதரப்புக்கும் பொதுவாக ஒரு அமைப்பை உருவாக்கினார். 1941 ஏப்ரல் 12-ல் அது சட்டமானது. இனி ஜெர்மானியர் யாரிடம் பேசினாலும் இந்த ஒரு மேசையில்தான் பேச வேண்டும். யார் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு உள்ளூருக்கு மிச்சம், கொடிக்கு வேண்டிய பொருள் யாருக்கு என்பதெல்லாம் அங்கே முடிவாகும். பன்னீர்த்தோட்டம் சொன்ன சின்னத் தோட்டக்காரருக்கும் அதில் பாதி இடம் இருந்தது. இதை முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் 1911-ல் இதே வட்டாரத்தில் தோட்டக்காரர்கள் வியாபாரிகளின் நிலவறைகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குப் பகை இருந்த இடம். அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது, ஷாம்பெய்ன் பெயரை உலகம் முழுவதும் நீதிமன்றங்களில் காப்பாற்றி வருவதும் அதுதான்.

1943 நவம்பர் 24-ல் த வோகுவேயை கெஸ்டபோ கைது செய்தது. எதிர்ப்பு இயக்கத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. மரண தண்டனை விதித்தார்கள். வட்டாரமே கொந்தளித்தது. வளர்ப்பவர்களும் நிறுவனங்களும் சேர்ந்தே எதிர்ப்புக் காட்டினார்கள். தண்டனையை நிறைவேற்றாமல் ஜெர்மனிக்கு, சீகன்ஹைன் முகாமுக்கு அனுப்பினார்கள். 1945-ல் உயிரோடு திரும்பினார், நடைப்பிணமாக. மோயெட் நிறுவனத்தை ஜெர்மானியரே தங்கள் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

நிலவறைகளின் இன்னொரு பயன் ஆயுதம். ரான்ஸ் நகரத்துக்குக் கீழே ரோமானியர் காலத்துச் சுண்ணாம்புக்கல் குழிகள் இருக்கின்றன, கிலோமீட்டர் கணக்கில் சுரங்க வழி. பைப்பர் ஹைட்சிக் குழிகளில் ஒளித்திருந்த ஆயுதங்களைக் கண்டுபிடித்த பிறகு அந்த நிறுவனமும் ஜெர்மன் கட்டுப்பாட்டுக்குப் போனது.

கணக்குப்பிள்ளை

மாணவி, அருமையான பதிவு. ஒரு கேள்வி மட்டும். அந்த அமைப்பு விஷி அரசின் சட்டத்தால் வந்தது. ஜெர்மானியருக்கும் அது வசதி, ஒரே கதவைத் தட்டினால் லட்சக்கணக்கில் பாட்டில் வரும். அதைக் கேடயம் என்று மட்டும் சொல்லலாமா?

வரலாற்று மாணவி

இரண்டுமாகத்தான் இருந்தது. அந்த மேசையில் உட்காராமல் இருந்திருந்தால் சரக்கு போகாமல் இருந்திருக்குமா? முதல் கோடையில் போன 20 லட்சம் பாட்டிலுக்கு மேசை எதுவும் தேவைப்படவில்லை. ஒழுங்காகக் கொடுப்பதில் கொஞ்சம் பேரம் பேச முடிந்தது. அந்த மேசையில் உட்கார்ந்தவரே பின்னால் மரண தண்டனைக் கைதியானார். அவர் எந்தப் பக்கம் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

பாரிஸ்வாசி

ஜெர்மன் படைக்கு அனுப்பிய பாட்டிலில் என்ன இருந்தது என்பதும் ஒரு கதை. ‘ராணுவத்துக்கு மட்டும், மறுவிற்பனை கூடாது’ என்று முத்திரை குத்திப் போன சரக்கில் பல நிறுவனங்கள் மட்டமானதை நிரப்பின. தெத்தாஞ்சே என்ற ஷாம்பெய்ன் நிறுவனக் குடும்பத்து பிரான்சுவா அப்படி அனுப்பி, க்ளேபிஷிடம் சிக்கி, சில நாள் சிறையில் இருந்தார். க்ளேபிஷ் ஏமாறுகிற ஆள் இல்லை, அவர் பிறந்ததே கோன்யாக் ஊரில், பிராந்தி வியாபாரக் குடும்பத்தில்.

இன்னொன்றும் சொல்வார்கள். ஜெர்மன் படை பெரிய நகர்வுக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஷாம்பெய்ன் அனுப்பச் சொல்லும். ஒருமுறை வெப்பம் தாங்கும்படி தக்கையடித்துக் கட்டச் சொன்னபோது, வடஆப்பிரிக்கா என்று ஊகித்து எதிர்ப்பு இயக்கம் லண்டனுக்குத் தகவல் கொடுத்ததாம். லண்டன் அதை எவ்வளவு பயன்படுத்தியது என்பது வேறு விஷயம். ஆனால் ஏற்றுமதிப் புத்தகம் பார்க்கும் ஒரு குமாஸ்தா அதிலிருந்து இவ்வளவு படிக்க முடிந்தது என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரைன்கரை

எல்லோரும் ‘ஆக்கிரமிப்பு’ என்கிறீர்கள். அல்சாஸில் நடந்தது அதுகூட இல்லை. நான் வேலை நிமித்தம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிறேன், இங்கே இது இன்னும் ஆறாத ரணம்.

ஜெர்மனி அல்சாஸைத் தன் மாநிலம் போல் நடத்தியது. ராபர்ட் வாக்னர் என்ற நாஜித் தலைவர் பொறுப்பு. பிரெஞ்சு பேசக் கூடாது. தெருப் பெயர், கடைப் பெயர், ஆள் பெயர் எல்லாம் ஜெர்மன் ஆக வேண்டும். தலையில் பிரெஞ்சுக்காரர்களின் பெரே தொப்பி வைத்தால்கூடக் குற்றம். ரிக்வீர் கிராமத்தில் 1639 முதல் ஒயின் செய்யும் ஹ்யூகெல் குடும்பமும் தங்கள் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டி வந்தது.

1942 ஆகஸ்டில் கட்டாய ராணுவ சேவை. அல்சாஸிலும் பக்கத்து மோசெல் மாவட்டத்திலுமாக ஏறக்குறைய 1,30,000 பேரை ஜெர்மன் சீருடையில் ஏற்றினார்கள். பெரும்பாலோரை ரஷ்யப் போர்முனைக்கு. கிட்டத்தட்ட 40,000 பேர் திரும்பவில்லை. தப்பி ஓடினால் அப்பா அம்மாவை வீட்டோடு பிடித்து நாடு கடத்துவார்கள். ஹ்யூகெல் வீட்டுப் பிள்ளையும் அப்படிப் போனவர்தான். போர்டோவில் ஒருவர் ‘விற்றேன், விற்கவில்லை’ என்று பேசலாம். இங்கே அப்பா மகனை அனுப்பி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். எதிரியின் படையில் மகன், அந்தப் படை தோற்க வேண்டும் என்று வீட்டில் பிரார்த்தனை.

மிட்டெல்வீர் கிராமத்தில் ஒரு மதில் ஓரம் நீலம், வெள்ளை, சிவப்பு நிறத்தில் பூச்செடி வைத்தார்கள். பிரெஞ்சுக் கொடியின் நிறம். பூவுக்காக யாரைக் கைது செய்வது?

அந்த மிட்டெல்வீர், பக்கத்தில் பென்வீர், சிகோல்ஸைம், அமெர்ஷ்வீர் எல்லாம் 1944 டிசம்பரிலும் அதற்குப் பின்னும் நடந்த கொல்மார் சண்டையில் தரைமட்டமாயின. அதுவும் விடுதலை செய்ய வந்த படையும் ஜெர்மன் படையும் மாறி மாறி அடித்ததில். சில கிலோமீட்டர் தள்ளி ரிக்வீர் அப்படியே தப்பியது. சுற்றுலாப் பயணிகள் ரிக்வீரில்தான் படம் எடுக்கிறார்கள். பென்வீரைக் கடந்து போகும்போது ஏன் இந்த ஊர் வீடுகள் மட்டும் புதுசாக இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

தென்றல்வரி

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

யூதத் தோட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்? அதை யாரும் தொடவில்லையே.

வரலாற்று மாணவி

கேட்டதற்கு நன்றி. ஒயினை ஒளித்த கதை இத்தனை இருக்க, தங்களையே ஒளிக்க வேண்டியிருந்தவர்களின் கதை குறைவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

போர்டோவின் புகழ்பெற்ற தோட்டங்களான லாஃபீட், மூட்டோன் இரண்டும் ரோத்ஷில்ட் என்ற யூதக் குடும்பத்தவை. விஷி அரசு அவற்றைத் தன் வசம் எடுத்தது. லாஃபீட்டில் ஜெர்மன் வீரர்கள் தங்கினார்கள். மூட்டோன் உரிமையாளர் பிலிப் த ரோத்ஷில்ட்டின் குடியுரிமையைப் பறித்தார்கள். அவர் பிரனே மலையைத் தாண்டி ஸ்பெயின் வழியாகத் தப்பி, வெளிநாட்டிலிருந்து ஜெர்மனியை எதிர்த்த தளபதி த கோலின் படையில் சேர்ந்தார். அவர் மனைவி எலிசபெத் பிறப்பால் கத்தோலிக்கர், தனக்கு ஆபத்து வராது என்று நம்பினார். அவரைக் கைது செய்து ஜெர்மனியில் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1945-ல் அங்கேயே இறந்தார். மூட்டோன் 1945 பாட்டிலில் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்து இருப்பதைச் சேகரிப்பாளர்கள் கொண்டாடுவார்கள். அந்தச் சீட்டை ஒட்டிய வருடம் அந்த வீட்டில் என்ன வருடம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுபக்கம், போர்டோவின் ஷத்தோ பால்மர் தோட்டத்தின் பங்குதாரர்களில் ஒருவரான மியாய் குடும்பம், இத்தாலிய யூதக் குடும்பங்களைத் தோட்ட மாளிகையின் ஒரு பகுதியில் மறைத்து வைத்திருந்தது. ஜெர்மானியர் அந்த இடத்துக்கே வந்து தங்கிய பிறகும் மறைத்து வைத்திருந்தார்கள். என் பார்வையில் அந்தச் சுவர்களில் எல்லாம் உயர்ந்த சுவர் இது.

கணக்குப்பிள்ளை

அப்படியே போர்டோ என்றால் லூயி எஷெனோவரைப் பேசாமல் முடியாது. ஊரின் பெரிய ஒயின் வியாபாரி. தனக்குச் சொந்தமான ஷப்போன் ஃபேன் உணவகத்தில் ஜெர்மன் அதிகாரிகளுக்கு விருந்து வைத்தவர். துறைமுகத் தளபதி க்யூனமன் அவர் நண்பர், அவரும் ஒயின் வியாபாரி. போர் முடிந்ததும் 1945 நவம்பரில் வழக்கு. இரண்டு வருடச் சிறை, கோடிக்கணக்கில் அபராதம். பின்னால் பொதுமன்னிப்பு.

அவர் தரப்பில் சொல்வது: தோற்று ஓடும்போது துறைமுகத்தை வெடி வைத்துத் தகர்க்க ஜெர்மன் படைக்கு உத்தரவு இருந்தது. நண்பரிடம் பேசி அதைத் தடுத்தது எஷெனோவர்தான். ஊர் முழுக்கச் சம்பாதித்தது, இவர் ஒருவர் தலையில் விடிந்தது.

இதில் இரண்டாவது பாதியை நான் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்.

ரைன்கரை

முதல் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், கணக்குப்பிள்ளை ஐயா. போர்டோ துறைமுகம் பிழைத்ததற்கு வேறொருவர் பெயர் இருக்கிறது. ஹைன்ஸ் ஷ்டால்ஷ்மிட், ஜெர்மன் கடற்படையில் வெடிப்பிரிவுச் சார்ஜென்ட். துறைமுகத்தைத் தகர்க்கச் சேர்த்து வைத்திருந்த வெடிக் கருவிக் கிடங்கை 1944 ஆகஸ்ட் 22-ல் அவரே வெடிக்க வைத்தார். தன் நாட்டு வீரர்கள் பலர் அதில் இறந்தார்கள். அவரை ஜெர்மானியரும் தேடினார்கள். பின்னால் பிரெஞ்சுக் குடிமகனாகி, பெயரை ஆன்ரி சால்மித் என்று மாற்றிக்கொண்டு, போர்டோவிலேயே தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தார். 2000-ல்தான் அவருக்கு அரசு விருது கொடுத்தது. பல வருடம் அந்த ஊர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை, வியாபாரிகள் காப்பாற்றினார்கள் என்ற கதைதான் அங்கே வசதியாக இருந்தது.

கணக்குப்பிள்ளை

வெடிக் கிடங்கு போன பிறகும் க்யூனமன் வேறு வழியில் சேதம் செய்திருக்க முடியும். செய்யாமல் போனார். பேச்சுக்கும் ஏதோ பங்கு இருக்கலாம். ஆனால் உயிரைப் பணயம் வைத்தது யார் என்று கேட்டால், விருந்து வைத்தவர் இல்லை. அதில் உங்களோடு நிற்கிறேன்.

நிலவறை

நான் எதிர்பார்த்ததைவிட வெகு தூரம் வந்துவிட்டோம். ஒன்று சேர்க்கிறேன், பலருக்கும் தெரியாத விஷயம்.

பர்கண்டி பாட்டில்களில் ‘பிரமியே க்ரு’ என்று பார்ப்பீர்கள், முதல்தரத் தோட்டம் என்ற தகுதி. இந்தத் தகுதி முறைப்படி வந்ததே 1943-ல், ஆக்கிரமிப்பின் நடுவில். காரணம், பெயரில்லாத சாதாரண ஊர் ஒயினைக் குறைந்த நிர்ணய விலையில் அள்ளிக்கொண்டு போக முடியும், உயர்ந்த தகுதி இருந்தால் தப்பும். அதனால் தோட்டம் தோட்டமாகப் பதிவு செய்தார்கள். தெற்கே புய்யி ஃபுயிஸே வட்டாரம் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், விஷி பகுதியில் இருந்ததால் அக்கறை எடுக்கவில்லை. விளைவு, அங்கே 22 தோட்டங்களுக்கு பிரமியே க்ரு கிடைக்க 2020 ஆனது.

வரலாற்று மாணவி

முதல் பகுதி சரி. தெற்குக்குச் சொல்லும் காரணம் மட்டும் எனக்கு இடிக்கிறது. 1942 நவம்பர் 11-லேயே ஜெர்மன் படை விஷி பகுதிக்குள்ளும் வந்துவிட்டது. பட்டியல் 1943-ல். அப்போது இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதற்கு முன் இரண்டு வருடம் வடக்கே பட்ட அடிதான் அங்கே அவசரத்தைக் கொடுத்தது, தெற்கே அந்த அடி இல்லை என்று சொன்னால் பொருந்தும். எல்லைக் கோட்டை மட்டும் காரணமாகச் சொன்னால் பொருந்தாது.

பாரிஸ்வாசி

அதே போன் நகரத்தில் 1942-ல் தரும மருத்துவமனை, விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெத்தேனுக்கு ஒரு தோட்டத்தைப் பரிசாகக் கொடுத்தது. மதில் கட்டி, ‘மார்ஷல் தோட்டம்’ என்று பெயரும் வைத்தார்கள். போருக்குப் பிறகு அது திரும்ப வந்தது, பெயர் போய்விட்டது. த்ரூவானுக்கு அடைக்கலம் கொடுத்ததும் இதே மருத்துவமனைதான். ஒரு இடத்தை ஒரே நிறத்தில் பூச முடியாது.

பன்னீர்த்தோட்டம்

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். 1945 பர்கண்டியும் போர்டோவும் நூற்றாண்டின் சிறந்த வருடங்களில் ஒன்று என்கிறார்கள். ஐந்து வருடம் எருவில்லாமல், துத்தமில்லாமல் கிடந்த கொடியில் அது எப்படி?

நிலவறை

அந்த வருடம் மே மாதத் தொடக்கத்தில் கடும் உறைபனி. துளிரில் பெரும்பகுதி கருகிவிட்டது. தப்பிய கொஞ்சக் குலைக்குக் கோடை நல்ல வெயில். விளைச்சல் மிகக் குறைவு, சுவை மிக அடர்த்தி. தரத்துக்குப் பெயர் வந்ததே தவிர, தோட்டக்காரர் கையில் விற்கச் சரக்கு அதிகம் இல்லை.

பன்னீர்த்தோட்டம்

அதைத்தான் நினைத்தேன். காய்ப்புக் குறைந்தால் பழம் திரளும், ஆனால் கடனை அடைக்காது. ரைன்கரை, அந்த அழிந்த ஊர்கள் எப்படி மறுபடி எழுந்தன?

ரைன்கரை

முதல் வேலை கண்ணிவெடி எடுப்பது. கொடி வரிசைகளுக்கு நடுவில் புதைத்திருந்தார்கள், போர் முடிந்த பிறகும் ஆட்கள் செத்தார்கள். வீடு இல்லை, பிழியும் எந்திரம் இல்லை, பீப்பாய் இல்லை. தனித்தனியாக எதையும் வாங்க ஒருவரிடமும் காசில்லை. அதனால் பென்வீரிலும் சிகோல்ஸைமிலும் 1946-ல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். எல்லோர் பழமும் ஒரே இடத்தில் பிழிந்து, ஒரே நிலவறையில் வைத்து விற்றார்கள். புதுக் கொடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும் அண்ணே. அதுவரை தப்பிய பழைய கொடிகளை வைத்துத்தான் ஓட்டினார்கள். அந்தச் சங்கங்களின் ஒயின் இங்கே சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கிறது.